உன் ஏழாவது பிறந்தநாளில் நடந்தது

தம்பிக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். இங்கே நானும் ஏதோ இருக்கிறேன். கால் வீக்கம் காலையில் இருப்பதில்லை, சாயங்காலத்தில் வந்துவிடுகிறது. உன் அப்பா போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்துபோனது. அதுவும் பழகிவிட்டது. பதில் போட இத்தனை நாள் ஆனதற்கு உடம்பு காரணமில்லை. நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். ஒன்றுக்கு அன்றைக்கே பதில் எழுதியிருக்கலாம். இன்னொன்றுக்கு எழுதுவதற்கு முன்னால் நான் ஓரிடத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. போய்வந்துவிட்டேன்.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உன்னோடு வேலை செய்கிற எட்டுக் குடும்பத்தைக் கூப்பிட்டிருக்கிறாய். யாருக்கும் யாரையும் சரியாகத் தெரியாது, இரண்டு குடும்பம் தெலுங்கு பேசுகிறவர்கள், ஆண்கள் ஷிப்டைப் பற்றியே பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், பெண்கள் சுவரோரமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், இவர்களை எப்படிக் கலகலப்பாக வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். அடுத்த வரியிலேயே, "பெரியம்மா சொன்னாங்க, மணவாள நகர்ல எந்த ஊட்ல விசேஷம்னாலும் நீதான் ஆட்டம் வெப்பியாமே. அப்ப எனக்கு மட்டும் ஏம்மா ஒரு பொறந்தநாளு கூட வெக்கல?" என்று எழுதியிருந்தாய். பேசுகிற மாதிரியே எழுதியிருந்ததால் உன் குரல் கேட்டது. நீ கோபமாகக் கேட்கவில்லை என்று தெரிகிறது. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் விருந்து. உன் வீடு இரண்டு அறைதான் என்பதால் கட்டிலைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் போட்டுவிடு. பாயைச் சுவரோரமாக நான்கு பக்கமும் விரித்து நடுவைக் காலியாக விடு. நடுவில் இடம் இருந்தால்தான் யாராவது எழுந்து வருவார்கள். தின்பண்டத்தை வந்தவுடனே நீட்டிவிடாதே. கையில் தட்டு வந்துவிட்டால் ஜனங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வந்தவுடன் எலுமிச்சை ஜூஸ் மட்டும் கொடு. வாய் திறக்காத பெண்களுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்க வேண்டும். "இந்த பலூனைக் கொஞ்சம் கட்டிக் கொடுங்க" என்று சொன்னால் போதும், பக்கத்தில் இருப்பவளிடம் நூல் கேட்பாள், அங்கே பேச்சு ஆரம்பித்துவிடும். ஆண்களைச் சேர்த்து உட்கார விடாதே. இரண்டு கட்சியாகப் பிரிக்கும்போது புருஷனை ஒரு கட்சியிலும் பெண்சாதியை எதிர்க்கட்சியிலும் போடு. அவள் ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கே ஒரு வேகம் வரும்.

பாஷை தெரியாதவர்கள் இருக்கிற இடத்தில் தாம்பாள ஆட்டம்தான் நல்லது. ஒரு தாம்பாளத்தில் இருபது சாமானை வை. சாவி, ஊக்கு, ஏலக்காய், பித்தான், உன் பேக்டரி நட்டு ஒன்று, இப்படி. எல்லோரும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும். பிறகு துண்டால் மூடிவிட்டு எது எது இருந்தது என்று கேள். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் சொல்லலாம். வயதானவர்கள் இருந்தால் முதல் பரிசு அவர்களுக்குப் போகிற மாதிரி பார்த்துக்கொள். அழுகிற குழந்தையை ஆட்டத்திலிருந்து விலக்காமல் தாம்பாளத்துக்குக் காவல் உட்கார வை. எல்லாவற்றுக்கும் மேலே, நீயும் உன் பெண்சாதியும் மாறி மாறி உட்கார வேண்டும். சமையல்கட்டிலேயே அவள் நின்றுகொண்டிருந்தால் அது அவள் குழந்தையின் பிறந்தநாள் ஆகாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டதில்லை. என் அப்பாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாளை டாலி ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். மாதம் ஒருமுறையாவது அவர்கள் வீட்டில் பார்ட்டி நடக்கும். நான் உதவிக்குப் போவேன். அங்கே பார்த்த ஆட்டங்களைத்தான் கல்யாணமாகி மணவாள நகருக்கு வந்தபிறகு நம் ஜனங்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டேன். உன் அப்பாவோடு ஆவடிக்கு அந்தப் பக்கம் இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை செய்தவர்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம் நம் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இருந்தார்கள். எல்லோரும் ஒவ்வொரு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யார் வீட்டிலாவது கூடுவோம். வேறு பொழுதுபோக்கு இல்லை. நான் ஆட்டம் வைப்பேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உனக்கு ஏழாவது வயது நடந்தபோது, இல்லை, ஏழு முடிந்த அன்றைக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு பிறந்தநாள்கூட வைக்கவில்லை என்கிறாய், அது ஒன்றை வைத்தேன், நீ மறந்துவிட்டாய். பெரிதாகச் செய்ய வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன். கலர் காகிதத் தோரணம் கட்டினேன். கேசரி, போண்டா, எலுமிச்சை சாதம். உன் அப்பாவுக்கு அன்று ஓவர்டைம் இருந்தது. மதியத்தோடு முடிந்துவிடும், நாலு மணி வண்டிக்கு வந்துவிடுகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவரோடு மாணிக்கமும் போனார். மாணிக்கத்தை உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, உன்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிப்போவார். அவர் பெண்சாதி சரோஜா. ஊத்துக்கோட்டைப் பெண். கல்யாணமாகி ஒன்றரை வருஷம், அப்போது அவளுக்கு ஐந்து மாதம். என்னை அக்கா என்பாள். அன்றைக்குக் காலையிலேயே வந்து போண்டாவுக்கு மாவு கரைத்தாள். பூசினாற்போல இருந்த முகமெல்லாம் வியர்வை. "நீ குந்துடி" என்றால் கேட்கமாட்டாள்.

நாலரை மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். நாற்காலி ஆட்டம் முடிந்தது, தாம்பாள ஆட்டம் முடிந்தது. அடுத்து குரல் ஆட்டம். ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு நடுவில் உட்காரவைப்போம். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குரலை மாற்றிக்கொண்டு, "சாப்ட்டியா?" என்று கேட்க வேண்டும். யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மாசமாக இருக்கிறவள் ஓடி ஆட முடியாது என்பதால் சரோஜாவை நான்தான் அதில் உட்காரவைத்தேன். என் கையாலேயே கண்ணைக் கட்டினேன். அவள் கண்டுபிடித்துக்கொண்டே போனாள். ஆண்பிள்ளைக் குரலில் பேசியவளைக்கூட, "ஏய், நீ இன்னா பேசினாலும் உன் மூக்கு காட்டிக் குடுத்துடுது" என்று சொன்னாள். வீடே சிரித்தது.

அப்போது பின்பக்கக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுப் போனேன். உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். முன்வாசல் வழியாக வராமல் ஏன் இப்படி வந்தார் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் சட்டையெல்லாம் மணல்.

"மாணிக்கம் போய்ட்டான்" என்றார்.

"எங்க?"

"செத்துட்டான். கிரேன் சங்கிலி அறுந்துடுச்சு. என் கண்ணு முன்னால."

உள்ளே சரோஜா யாரையோ கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது, கைதட்டல் கேட்டது. அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அவ இங்கதான் கீறாளா?"

"ஆட்டத்துல கீறா."

"இப்ப சொல்லாத. மாசமா கீறவ, நம்ம சொல்லி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா இன்னா பண்றது? அவ அண்ணன இட்டுகினு வர ஊத்துக்கோட்டைக்கு வண்டி போயிருக்குது. அவுரு வந்து சொல்லட்டும். அதுவரிக்கும் அவள வெளிய வுடாத. ஆட்டத்த நடத்து."

"என்னால முடியாதுங்க."

"என்னால மட்டும் முடியுமா? என் மூஞ்சப் பாத்தா தெரிஞ்சிடும். நான் உள்ள வரல." சொல்லிவிட்டுப் பின்னால் குளிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் திரும்பி உள்ளே வந்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று பல வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. துக்கமில்லை, பயமில்லை. போண்டா தட்டு காலியாக இருந்ததைப் பார்த்து அதை எடுத்து நிரப்பினேன். "அக்காதான் பாக்கி, அக்காவப் பேசச் சொல்லு" என்று யாரோ என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். சரோஜா கண்கட்டோடு முகத்தை நிமிர்த்திக் காத்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் முன்னால் நின்று, "சாப்ட்டியா?" என்று கேட்டேன். குரலை மாற்ற வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

"அக்கா" என்றாள் உடனே. பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, "இன்னாக்கா, உன் கொரலு ஒரு மாதிரி கீது?" என்று கேட்டாள்.

"தொண்ட கட்டிக்கிச்சு" என்றேன்.

அவளுக்குத்தான் முதல் பரிசு, ஒரு சோப்புப் பெட்டி. அதையும் என் கையால்தான் கொடுத்தேன். பிறகு பாட்டுக்குப் பாட்டு வைத்தேன். பிறகு எல்லோருக்கும் இலை போட்டேன். அவள் கிளம்பப் பார்த்தபோதெல்லாம், இரு, கேசரி இருக்கிறது, இரு, அவர்கள் வந்ததும் சேர்ந்து போகலாம் என்று உட்காரவைத்தேன். "நாலு மணி வண்டி போய் எவ்ளோ நேரமாச்சு, இன்னும் காணோமே ரெண்டு பேரையும்" என்று அவள் சொன்னாள். "வந்துகினு இருப்பாங்க" என்று நான் சொன்னேன். இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த வேலையிலும் நான் தவறு செய்யவில்லை. யாருக்கும் சாதம் குறையவில்லை.

ஆறரை மணி வாக்கில் வாசலில் வேன் வந்து நின்றது. சரோஜாவின் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "சரோ, எழுந்திரும்மா, மாணிக்கத்துக்கு ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றார். அவரால் அதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வேனுக்குள்ளிருந்து அவள் அம்மாவின் அழுகை கேட்டுவிட்டது. சரோஜா எழுந்து நின்றாள். அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுடி" என்றேன். "சத்தியமா தெரியாது."

அப்போது நீ பேசினாய், தம்பி. உனக்கு நினைவிருக்காது. தண்ணீர் குடிக்கவோ எதற்கோ பின்பக்கம் போயிருக்கிறாய், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. "நைனாவுக்குத் தெரியும்மா. நைனா பாத்ரூம்ல குந்திகினு அழுவுறாரு. நீ போய்ப் பேசினியே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். நீ போட்டுக் கொடுக்கவில்லை. எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்து ஞாபகப்படுத்தினாய். உன் முகம் அப்படித்தான் இருந்தது.

நான் உன்னை அடித்தேன். கன்னத்தில், பலமாக. நீ விழுந்து தோரணம் கட்டியிருந்த ஜன்னல் ஓரத்தில் முட்டிக்கொண்டாய். உன் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு அதுதான். விளையாடும்போது விழுந்துவிட்டாய் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

சரோஜா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு போய் வேனில் ஏறினாள். பிறகு மணவாள நகருக்கு அவள் திரும்பவில்லை. ஊத்துக்கோட்டையில் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள், பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம் என்று கேள்விப்பட்டோம். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, நம்ம செஞ்சது சரிதான்" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதால் மட்டும் நான் சும்மா இருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அடுத்த வருஷம் உன் பிறந்தநாள் வந்தபோது அதே நாளில் மாணிக்கத்துக்குத் தெவசம். உனக்குப் புதுச் சட்டை எடுத்தேன், கோயிலுக்குக் கூட்டிப்போனேன், ஒருத்தரையும் கூப்பிடவில்லை. "இந்த வருசம் ஆட்டம் இல்லியாம்மா?" என்று கேட்டாய். காசில்லை என்று சொன்னேன். அடுத்த வருஷமும் கேட்டாய். பிறகு கேட்பதை விட்டுவிட்டாய். நான் மற்ற வீடுகளுக்கும் ஆட்டம் வைக்கப் போவதை நிறுத்தினேன். கூட்டம் கூடினால் என் கைகள் வேலை செய்யும், மற்றபடி நான் அங்கே இருக்கமாட்டேன். உன் கல்யாணத்தில்கூட அப்படித்தான் இருந்தேன். "அம்மாவுக்கு சந்தோஷமே இல்லையா" என்று உன் பெண்சாதி உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது. சந்தோஷம் இல்லாமல் இல்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அப்பாவைக் கொண்டுபோன அன்றைக்கும் வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு வியாழக்கிழமை பஸ் ஏறி ஊத்துக்கோட்டைக்குப் போனேன். கடைத்தெருவில் விசாரித்தால் சொன்னார்கள். ஒற்றை அறை வீடு. வாசலில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து மெஷினை நிறுத்தினாள். வா என்று சொல்லவில்லை, முக்காலியை எடுத்துப் போட்டாள். அவள் பெண் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தது. பதினாறு வயது இருக்கும், மாணிக்கத்தின் நெற்றி அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் உள்ளே போகும்வரை நாங்கள் பேசவில்லை.

"அன்னிக்கு எனக்குத் தெரியும் சரோஜா" என்றேன். "தெரிஞ்சிகினுதான் பொய் சொன்னேன்."

"அதான் உன் புள்ள சொல்லிடுச்சே" என்றாள்.

"உன் வயித்துல இருந்ததுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

"தெரியும். எங்க அண்ணனும் அதான் சொல்லிச்சு. எல்லாரும் அதான் சொன்னீங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவுரு அங்க துணி போத்திக் கெடக்கறாரு. நான் இங்க கண்ணக் கட்டிகினு சிரிச்சிகினு கீறேன். நீ எதிர்ல நின்னு பாத்துகினு இருந்த. அத்த என்னால மறக்க முடியலக்கா. உன்ன திட்டணும்னு கூட இல்ல. மறக்க முடியல, அவ்ளோதான்."

நான் தலையாட்டினேன். மன்னித்துவிடு என்று கேட்பதற்குத்தான் போயிருந்தேன். அதைக் கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அவளை மறுபடியும் அப்படி உட்காரவைக்க வேண்டாம் என்று கேட்காமல் விட்டேன்.

கிளம்பும்போது அவளே கேட்டாள். "உன் புள்ள நல்லாகீதா? வருசா வருசம் இவருக்குத் தெவசம் குடுக்கும்போது அதும் வயசக் கணக்குப் போட்டுக்குவேன். இப்ப இருபத்திநாலு ஆவுதில்ல?"

"ஆமாம். பொண் கொழந்த பொறந்திருக்குது."

"அன்னிக்கு அந்தப் புள்ளய அடிச்சியே. ஏன் அடிச்சன்னு அதுக்கு சொன்னியா?"

"இல்ல."

"எங்கிட்ட வந்து சொல்லிகினு கீற" என்றாள். மெஷின் திரும்ப ஓட ஆரம்பித்தது. நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே உன்னிடம் சொல்லிவிட்டேன். விருந்து நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வதற்கு இன்னும் ஒன்று இருக்கிறது. உன் வீட்டில் ஆட்டம் நடக்கும்போது கதவைத் தட்டி யாராவது ஒரு சேதி கொண்டுவந்தால், அது யாருக்கு உரியதோ அவர்களைத் தனியாக அழைத்துப்போய், கையைப் பிடித்துக்கொண்டு, அப்போதே சொல்லிவிடு. விருந்து கெட்டுப்போகும். கெட்டுப்போகட்டும். சாப்பாடு வீணாகும், குழந்தை அழும், வந்தவர்கள் எழுந்து போவார்கள். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தாம்பாள ஆட்டத்தை நான் நடத்துகிறேன். முன்பு போல நடத்த வருமா என்று தெரியாது, வரவில்லையென்றால் உன் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் வருவதற்கு முன் இதை நீ படித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இன்றே தபாலில் போடுகிறேன். படித்துவிட்டு நான் வர வேண்டாம் என்று தோன்றினால் ஒரு கார்டு எழுதிப் போடு, வருத்தப்படமாட்டேன்.

அன்றைக்கு அந்த வீட்டில் அத்தனை பேர் இருந்தோம். உண்மையைச் சொன்னது நீ ஒருவன்தான். அதற்குத்தான் உன்னை அடித்தேன்.

அம்மா